முற்றத்துப் பேடும் முதுமையும்

நுழையும்முன்

வீட்டில் வளரும் கோழி முட்டையிடுவதைக் குறைத்தால், ‘வயதாகிவிட்டது’ என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவது வழக்கம். அச்சொல் சில வேளைகளில் உண்மை. பல வேளைகளில் வேறொரு காரணத்தை மறைக்கும் திரை. பேட்டின் உடலுக்குள் முதுமை எவ்வாறு நிகழ்கிறது, அதனை நோயிலிருந்தும் பருவ மாற்றத்திலிருந்தும் எவ்வாறு பிரித்தறிவது என்பதை இப்பாடம் விளக்குகிறது.

உத்திரமேரூர் என்றவுடன் குடவோலைக் கல்வெட்டு நினைவுக்கு வரும். முதலாம் பராந்தக சோழன் காலத்தில் பொறிக்கப்பட்ட இரு கல்வெட்டுகளுள், கி.பி. 919ஆம் ஆண்டைச் சேர்ந்தது வாரிய உறுப்பினர்க்கு 30 முதல் 60 வரை என வயது வரம்பு வகுத்தது. 921ஆம் ஆண்டுக் கல்வெட்டு அதனை 35 முதல் 70 வரை என மாற்றியது. இரண்டே ஆண்டுகளில் கீழெல்லையும் மேலெல்லையும் நகர்ந்தன என்றால், பணிக்குரிய வயது எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பது அந்தச் சபையார்க்கே எளிய கேள்வியாக இருந்திராது.

அவ்வூரைச் சுற்றியுள்ள சிற்றூர்களின் முற்றங்களில் இன்றும் ஒரு வயது வரம்பு முடிவு செய்யப்பட்டுக்கொண்டே இருக்கிறது. அது கல்லில் எழுதப்படுவதில்லை. காலையில் பஞ்சாரத்தைத் தூக்கிக் கோழிகளைத் திறந்துவிடும் பெண், வைக்கோற்போர் இடுக்கிலும் பழைய கூடையிலும் கைவிட்டு முட்டை தேடும்போது தம் மனத்துக்குள் எழுதிக்கொள்வது அது. ‘இந்தப் பேடு இனி இடாது’ என்று அவர் முடிவு செய்துவிட்டால், ஆடி மாதக் கூழ்வார்ப்புத் திருவிழாவுக்குள் அது கைமாறிவிடும். முட்டை விற்ற காசு பெரும்பாலும் வீட்டுப் பெண்ணின் சிறுவாட்டில் சேர்வது. பிள்ளையின் குறிப்பேடும் எழுதுகோலும் அதிலிருந்து வருவதுண்டு. ஆகவே அம்முடிவு பிழைபடுவது சிறிய இழப்பன்று. ஒருபுறம், இன்னும் ஈராண்டு முட்டையிடக்கூடிய பேடு குழம்புக்குப் போய்விடும். மறுபுறம், நோயுற்ற பேடு ‘கிழடு’ என்னும் பெயரில் கவனிப்பாரின்றித் துன்புற்று, தன் நோயை மற்றக் கோழிகளுக்கும் தந்துவிட்டு மடியும்.

முட்டை உருவாகும் வகை

முதுமையில் எது தளர்கிறது என்பதை அறிய, இளமையில் எது இயங்கியது என்பதை முதலில் அறிய வேண்டும். பெட்டைக்குஞ்சு முட்டையோட்டை உடைத்து வெளிவரும்போதே அதன் சூலகத்தில் பல்லாயிரம் நுண்கருக்கள் அமைந்திருக்கின்றன. அவற்றுள் சில நூறு மட்டுமே பின்னாளில் முட்டையாக முதிரும். பெரும்பாலான விலங்குகளைப் போலன்றிக் கோழிக்கு இடப்பக்கச் சூலகம் ஒன்றே வளர்ந்து பணிபுரிகிறது. வலப்பக்கத்தது சுருங்கி எச்சமாக நின்றுவிடுகிறது.

முதிர்ந்த மஞ்சட்கரு சூலகத்திலிருந்து விடுபட்டதும், புனல் போன்று விரிந்த கருக்குழலின் வாய் அதனைப் பற்றிக்கொள்கிறது. அடுத்த ஏறத்தாழ மூன்று மணி நேரத்தில் வெண்கரு சூழ்கிறது. பின்னர் ஒன்றேகால் மணி நேரத்தில் இரண்டு மெல்லிய தோல்கள் போர்த்தப்படுகின்றன. எஞ்சிய 20 மணி நேரமும் ஓடு கட்டுவதற்கே செலவாகிறது. ஆக, ஒரு முட்டைக்கு 24 முதல் 26 மணி நேரம் தேவை. ஒரு நாளுக்குச் சற்று மேற்பட்ட இந்தக் கணக்கே, பேடு ஒவ்வொரு நாளும் முந்தைய நாளைவிடச் சற்றுத் தாழ்த்தி முட்டையிடுவதற்கும், சில நாள்களுக்கு ஒருமுறை ஒருநாள் ‘விட்டு’ இடுவதற்கும் காரணம். முட்டையிடும் நேரம் பிற்பகலை எட்டிவிட்டால் அன்று புதிய கரு விடுபடுவதில்லை. ஒரு நாள் ஓய்வுக்குப் பின் வரிசை மீண்டும் காலையில் தொடங்கும். இதனை நோயென்று அஞ்ச வேண்டியதில்லை.

ஓட்டுக்கான சுண்ணாம்புச்சத்து எங்கிருந்து வருகிறது என்பதே இதில் வியப்புக்குரியது. 55 கிராம் எடையுள்ள முட்டையின் ஓட்டில் ஏறத்தாழ 2 கிராம் சுண்ணாம்புச்சத்து உண்டு. ஓடு பெரும்பகுதி இரவில் உருவாகிறது. இரவிலோ பேடு இரை உண்பதில்லை. இந்த முரண்பாட்டைத் தீர்க்கப் பறவையின் உடல் ஒரு வழி கண்டுள்ளது. முட்டையிடும் பருவத்தில், பெண்மை இயக்குநீரின் தூண்டுதலால், கால் எலும்புகளின் உட்குழியில் தனிவகை எலும்பு நுண்மையாகப் படிகிறது. குடலில் உணவு தீர்ந்த பின்னிரவில் அந்தச் சேமிப்பு கரைந்து ஓட்டுக்குச் செல்கிறது. பகலில் உண்ணும் உணவால் மீண்டும் நிரம்புகிறது. கிளிஞ்சல் தூளை மாலையில் வைக்க வேண்டும் என்று கால்நடை மருத்துவர்கள் கூறுவதன் பொருள் இங்கே விளங்கும்.

ஆண்டுகள் செய்யும் மாற்றம்

நாட்டுப்பேடு பிறந்த ஆறேழு மாதங்களில் முட்டையிடத் தொடங்குகிறது. ஈற்றுக்கு 12 முதல் 15 முட்டைகளாக, ஆண்டில் மூன்று நான்கு ஈற்றுகள் வைக்கும். நாமக்கல் பண்ணைகளில் வளரும் வெள்ளை லெகார்ன் வழிவந்த கோழி ஆண்டுக்கு 300 முட்டைகளுக்கும் மேல் இடுவது. ஆனால் அதன் பணிக்காலம் ஏறத்தாழ ஒன்றரை வயதிலோ அதற்குச் சற்றுப் பின்னரோ முடிக்கப்பட்டுவிடும். பண்ணையில் முதுமை என்பது கணக்கேட்டில் வருவது. உடலில் வருவதற்கு அங்கே பெரும்பாலும் இடமில்லை. முற்றத்துப் பேடுதான் உண்மையிலேயே முதுமை அடைகிறது. நன்கு பேணப்பட்டால் ஐந்தாறு ஆண்டுகளுக்கு மேலும் அது வாழும்.

முதல் ஆண்டுக்குப் பின், ஆண்டுதோறும் முட்டையின் எண்ணிக்கை முந்தைய ஆண்டைவிட 10 முதல் 20 விழுக்காடு வரை குறைவது பொதுவான இயல்பு. கருக்கள் முதிரும் வேகம் தளர்வதால் முட்டைகளுக்கிடையே விடுபடும் நாள்கள் கூடுகின்றன. ஆனால் ஒவ்வொரு மஞ்சட்கருவும் முன்னினும் பெரிதாக வளர்கிறது, முட்டையும் பருக்கிறது. ‘கிழக்கோழி பெரிய முட்டை இடும்’ என்று ஊரார் சொல்வது சரியே. ஆனால் அந்தப் பெரிய முட்டையைச் சூழ்வதற்குக் கிடைக்கும் சுண்ணாம்புச்சத்து பெருகுவதில்லை. குடல் அதனை உறிஞ்சும் திறனும் வயதோடு குறைகிறது. அதே அளவு சுண்ணாம்பைக் கொண்டு பெரிய சுவருக்கு வெள்ளையடித்தால் பூச்சு மெலிவது போல ஓடு மெலிகிறது. சில நாள்களில் ஓடே இல்லாத தோல்முட்டையும் வரும். பற்றாக்குறை தொடர்ந்தால் உடல் தன் எலும்பையே கரைக்கும். அப்போது மார்பெலும்பு வளையும், கால் தளரும், பரணுக்குத் தாவிய கோழி தரையிலேயே அடையத் தொடங்கும்.

இம்மாற்றங்கள் அனைத்தும் மெல்ல நிகழ்பவை. முதுமையின் முதன்மையான அடையாளம் அந்த மெதுவான நடைதான். நேற்றுவரை முட்டையிட்ட பேடு இன்று திடீரென நிறுத்தினால் அதற்குக் காரணம் முதுமை அன்று.

திடீரென நின்றால்

முதலில் ஐயப்பட வேண்டியது பேட்டின் உடலை அன்று, அதன் வழியை. திறந்து திரியும் கோழி தன் முட்டையிடும் இடத்தை மாற்றிக்கொள்ளும் இயல்புடையது. முட்டைகளைத் தொடர்ந்து எடுத்துவிடும் கூடையை விட்டு, வேலியோரப் புதரையோ கொல்லை வைக்கோலையோ அது நாடலாம். அங்கே கீரியும் பாம்பும் பங்கு கேட்கும். ஒரு முற்பகல் பேட்டைப் பின்தொடர்ந்தால் பல ‘முதுமைகள்’ தீர்ந்துவிடும்.

அடுத்தது அடைப்பருவம். ஓர் ஈற்று முடிந்ததும் புரோலாக்டின் என்னும் இயக்குநீர் பெருகிப் பேடு அடையில் அமர்கிறது. 21 நாள் அடை, அதன்பின் குஞ்சுகளைக் காக்கும் வாரங்கள் எனச் சேர்த்தால் இரண்டு மாதத்துக்கும் மேல் முட்டை இராது. அடையைக் கலைக்கப் பேட்டை நீரில் முக்குவதும், மூக்கில் இறகைச் செருகுவதும் ஊர்ப்புறங்களில் காணப்படும் வழக்கங்கள். வலியைத் தவிர அவற்றால் பெரிதாக விளைவதொன்றுமில்லை. அடைவைக்க விருப்பமில்லையெனில், அடியில் காற்றோட்டமுள்ள கூண்டில் சில நாள்கள் தீனியும் நீரும் வைத்து விட்டாலே போதும். வயிற்றுச் சூடு தணிந்து பேடு இயல்புக்குத் திரும்பும்.

மூன்றாவது சிறகுதிர்வு. ஒன்றேகால் வயதுக்குப் பின் பேடு ஆண்டுக்கு ஒருமுறை தலையில் தொடங்கி, கழுத்து, உடல், இறக்கை, வால் எனப் பழைய சிறகுகளை உதிர்த்துப் புதியன பூணுகிறது. சிறகு பெரும்பகுதி புரதத்தால் ஆனது. ஒரே புரதத்தைக் கொண்டு உடல் முட்டையையும் சிறகையும் ஒருங்கே ஆக்க இயலாது. ஆகவே முட்டை நிற்கும். கழுத்து மொட்டையான பேட்டைக் காண அழகில்லை என்பதாலேயே அது விற்கப்படுவதுண்டு. சிறகு முளைத்தபின் அதே பேடு மீண்டும் இடும் என்பதை வாங்கியவர் அறிந்திருந்தால், அவருக்கு அது நல்ல வாணிகம்!

வெளிச்சத்தைப் பற்றி ஒரு விளக்கம் இங்கே தேவை. குளிர்நாட்டு நூல்கள், குளிர்காலத்தில் பகல் குறுகுவதால் முட்டை நிற்கிறது என்றும், விளக்கு வைக்க வேண்டும் என்றும் கூறும். கோழியின் மூளை பகலின் நீளத்தை அளந்தே சூலகத்தை இயக்குகிறது என்பது உண்மை. ஆனால் உத்திரமேரூர் நிலநடுக்கோட்டுக்கு 12 பாகை வடக்கே அமைந்தது. இங்கே ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இடையே ஏறத்தாழ ஒன்றரை மணி நேரமே வேறுபாடு. இங்குள்ள முற்றத்துப் பேட்டுக்கு வெளிச்சத்தைவிட வெயிலும் மழையும் தீனியுமே பெரியவை. கத்திரி வெயிலில் பேடு வாய்திறந்து இரைக்கிறது, இரை குறைகிறது. இரைப்பினால் குருதியிலுள்ள கரியமிலவாயு மிகுதியாக வெளியேறி, ஓட்டுக்குத் தேவையான கரிமச்சேர்மம் குறைய, ஓடு மெலிகிறது. சொர்ணவாரி, சம்பா, நவரை என நெற்பருவங்கள் மாறிவரும் இப்பகுதியில், அறுவடைக் களத்தில் சிந்திய நெல் கிடைக்கும் நாள்களில் பேடு கொழுக்கும். களம் காய்ந்தபின் மெலியும். முட்டைக் கணக்கு வயலின் கணக்கோடு சேர்ந்தே ஏறி இறங்குவதை நாட்காட்டியில் புள்ளி வைத்து வருபவர் எளிதில் காண்பர்.

வயதோடு வரும் நோய்கள்

கோழி பிற விலங்குகளுக்கு இரையாகும் பறவை. மெலிந்ததாகத் தோன்றுவது அதற்கு ஆபத்து. ஆகவே அது நோயை இயன்றவரை மறைக்கும். நோய் வெளியே தெரியும் நாளில் அது முற்றியிருக்கும். 1920களில் நார்வே நாட்டு அறிஞர் ஷெல்டெரப் எப்பே, கோழிக்கூட்டத்தில் எது எதனைக் கொத்தும் என்னும் உயர்வு தாழ்வு வரிசை உண்டு என ஆராய்ந்து எழுதினார். இரை போடும்போது முன்வரிசையில் நின்று மற்றவற்றை விலக்கிய முதுபேடு ஒருநாள் பின்னே ஒதுங்கி நின்றால், உடலின் வேறு அறிகுறிகளுக்கு முன்பே அந்த ஒதுக்கம் செய்தி சொல்லிவிடுகிறது.

முதிர்ந்த பேட்டின் நோய்களுள் பல கருக்குழலைச் சார்ந்தவை. விடுபட்ட மஞ்சட்கருவைக் கருக்குழலின் வாய் பற்றத் தவறினால் அது வயிற்றறைக்குள் விழும்; அதில் நுண்கிருமிகள் பெருகி அழற்சி உண்டாகும். அப்போது வயிறு தொங்கிப் புடைக்க, பேடு நிமிர்ந்து காலை அகட்டி நடக்கும். ஓடு மெலிந்த அல்லது பருத்த முட்டை கருக்குழலில் சிக்கிக்கொள்வது மற்றொன்று. பேடு கூட்டை விட்டு வராமல் மீண்டும் மீண்டும் முக்கும். அதன் அடிவயிற்றை இளஞ்சூட்டு நீரில் சிறிது நேரம் நனைய வைத்துக் கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டுசெல்லலாம். கையால் அழுத்தி முட்டையை உள்ளேயே உடைத்துவிடுவது உயிருக்கே கேடாகும்.

மற்றொரு நோய் மருத்துவ உலகின் கவனத்தையே கோழியின்பால் திருப்பியது. இரண்டு மூன்று வயதைக் கடந்த பேடுகளுக்குச் சூலகப் புற்றுநோய் இயல்பாகவே தோன்றுகிறது. ஒவ்வொரு கரு விடுபடும்போதும் சூலகத்தின் மேற்பரப்பு கிழிந்து ஆறுகிறது; ஓயாமல் முட்டையிடும் இனங்களில் இக்காயம் நாள்தோறும் நிகழ்கிறது. பெண்களுக்கு வரும் சூலகப் புற்றுநோயின் தோற்றத்தை அறிய ஆய்வாளர்கள் முதிர்ந்த பேடுகளை ஆராய்வது இதனால்தான்.

தொற்றுநோய்களுள் வெள்ளைக்கழிச்சல் கொடியது. 1920களில் இங்கிலாந்தின் நியூகாசிலிலும் இமயமலைச் சாரலின் இராணிகேத்திலும் அடையாளம் காணப்பட்டதால் அவ்வூர்ப் பெயர்களாலேயே உலகெங்கும் வழங்குவது. பச்சையும் வெள்ளையுமாகக் கழிச்சல், கழுத்து முறுக்கிக்கொள்ளுதல் ஆகியவை இதன் அறிகுறிகள். பிழைத்த பேடு கோணல் முட்டை இடுவதுண்டு. தமிழ்நாடு அரசின் கால்நடை பராமரிப்புத் துறை ஆண்டுதோறும் தடுப்பூசி முகாம் நடத்துகிறது. குஞ்சுகளை மட்டும் கூடையில் எடுத்துச் சென்று, ‘கிழடுக்கு எதற்கு?’ என்று முதுபேட்டை விட்டுவிடுவது பிழை. தடுப்பாற்றல் வாழ்நாள் முழுதும் நிலைப்பதன்று. குடற்புழுவும், கூண்டின் இடுக்குகளில் ஒளிந்து இரவில் குருதி உறிஞ்சும் கோழிச்செள்ளும் இவ்வளவு அச்சம் தருவன அல்ல. எனினும் வெளுத்த கொண்டையோடு முட்டை நின்ற பேட்டில் முதலில் தேட வேண்டியவை அவையே. இரவில் விளக்கோடு கூண்டைப் பார்த்தால் போதும்.

தெரிந்து தெளிவோம்

‘பெட்டைக்கோழி கூவியா பொழுது விடியும்?’ என்பது பழமொழி. முதிர்ந்த பேடு சில வேளைகளில் உண்மையாகவே கூவும். இடப்பக்கச் சூலகம் நோயால் பழுதுற்றால் பெண்மை இயக்குநீர் குறைகிறது. எச்சமாக நின்ற வலப்பக்க உறுப்பு ஆண் உறுப்பின் தன்மையோடு வளரலாம். கொண்டை பெருத்து, சேவலின் பளபளக்கும் சிறகு முளைத்து, பேடு கூவத் தொடங்கும். இது வீட்டுக்கு ஆகாது என்று அஞ்சி அதனைக் கொல்வாருண்டு. இவ்வச்சம் நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. 1474ஆம் ஆண்டு சுவிட்சர்லாந்தின் பேசல் நகரில், முட்டையிட்டதாகக் குற்றம் சாட்டப்பட்ட ‘சேவல்’ ஒன்று விசாரிக்கப்பட்டுத் தீயிலிடப்பட்டது. அது சேவல் உருக்கொண்ட பேடாக இருந்திருக்கலாம் என்று கருத இடமுண்டு.

கையால் அறிதல்

பேடு முட்டையிடும் நிலையில் உள்ளதா என்பதை அறியக் கருவி எதுவும் வேண்டா. இருட்டியபின் அமைதியாக அடைந்திருக்கும் பேட்டை எடுத்து, வால்பக்கத்துக்குக் கீழே உள்ள இரண்டு இடுப்பெலும்பு முனைகளுக்கு நடுவே விரல்களை வைத்துப் பார்க்க வேண்டும். இரண்டு மூன்று விரல்கள் புகுந்தால் அது முட்டையிடும் பேடு. ஒரு விரலே புகுந்தால் இடுவதை நிறுத்தியுள்ளது. இடும் பேட்டின் கொண்டை சிவந்து மென்மையாகவும் சூடாகவும், எச்சவாய் ஈரமாக விரிந்தும் இருக்கும். வயிறு மென்மையாக இருப்பது நலம். நீர்கோத்தது போலத் தளும்பினாலோ கல்லைப் போல இறுகியிருந்தாலோ மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

முதிர்ந்த பேட்டுக்குத் தீனியை மாற்றுவதும் இன்றியமையாதது. குருணையும் நெல்லும் மட்டுமே உண்ணும் பேடு வயிற்றில் கொழுப்புக் கட்டி, கல்லீரல் கெட்டு, முட்டையை மேலும் விரைவாக இழக்கும். கீரை, கரையான், அசோலா ஆகியவை புரதம் தரும். கிளிஞ்சல் தூளைத் தீனியோடு கலவாமல் தனிக் கொட்டாங்கச்சியில் வைக்க வேண்டும். முட்டையிடாத பேட்டின் சிறுநீரகத்துக்கு மிகுதியான சுண்ணாம்பு தீங்கு. தனியே வைத்தால் தேவையுள்ளது மட்டும் கொத்திக்கொள்ளும்.

முற்றத்துக் கணக்கில் மற்றொன்றையும் கருத வேண்டும். அரசு ஊரகப் பெண்களுக்கு வழங்கிய விலையில்லாக் குஞ்சுகளாயினும், சந்தையில் ஒரே நாளில் வாங்கியவையாயினும், ஒரே வயதுடைய கோழிகள் ஒருசேர இளமையடைந்து ஒருசேர முதுமையடையும். மூன்றாம் ஆண்டில் கூடை முழுதும் ஒரே நேரத்தில் வெறுமையாகும். ஆண்டுக்கு ஓர் ஈற்றுக் குஞ்சுகளையாவது புதிதாகச் சேர்த்துவரும் வீட்டில் அந்த வெறுமை வருவதில்லை.

முட்டை அருகிய பேடும் அடைகாக்கும் திறனை எளிதில் இழப்பதில்லை. முதல் ஈற்றில் பாதி அடையில் எழுந்து ஓடிவிடும் இளம்பேட்டைவிட, பல ஈற்று கண்ட பேடு உறுதியாக அமரும். பருந்தின் நிழல் விழுந்தவுடன் குரல் கொடுத்துக் குஞ்சுகளைச் சிறகுக்குள் சேர்க்கும். அதனால் இளம்பேடுகளின் முட்டைகளை அதற்கு வைப்பர். அவ்வாறு வைத்தால், அடையில் அமர வேண்டியிராத இளம்பேடுகள் விரைவில் அடுத்த ஈற்றுக்கு வந்துவிடும். ஏரிக்கரை ஊர்களில் வாத்து முட்டையும் வைப்பதுண்டு. கோழிமுட்டைக்கு 21 நாள். வாத்து முட்டைக்கோ 28 நாள். மிகுதியான அந்த ஏழு நாளும் முதுபேடு அடையைவிட்டு எழுவதில்லை. குஞ்சுகள் பொரித்துச் சில நாள்களில் நீரில் இறங்கிவிட, அது கரையிலேயே நின்று கூப்பிட்டுக்கொண்டிருக்கும்.